பொட்டு, நெட்டு, பஃப் கை: ஆர்.சி. அப்பா, லுத்தரன் அம்மா, திரும்ப வர்ற ஃபேஷன்

ரெண்டுகோவில்பொண்ணு:
பாண்டி கடலூர் மக்களே ஒரு பஞ்சாயத்து. பொண்ணுக்கு ஜனவரி கடைசில கல்யாணம், தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள்) ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு தேதி குறிச்சாச்சு. பட்டெடுக்க காஞ்சிபுரம் போலாம்னா வரமாட்டேன்றா. எங்கம்மா டிரங்க் பெட்டிய குடைஞ்சி 1974ல அம்மா கல்யாணத்துக்கு தச்ச பஃப் கை ஜாக்கெட், தலைல போட்ட நைலான் நெட்டு, வெள்ளப் பட்டு மூணையும் எடுத்துக்கிட்டு இதத்தான் கட்டுவேன், இதான் இப்ப டிரெண்டுன்றா. அதோட நெத்தில குட்டியா கருப்பு பொட்டு வேற வச்சிப்பாளாம்.

அவளுக்கு இது ஸ்டைல். எங்க வீட்ல இது ஒவ்வொண்ணுக்கும் ஒரு சண்ட நடந்திருக்கு. அப்பா பாண்டி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), சம்பா கோவில் பங்கு. அம்மா கடலூர், லுத்தரன் (புராட்டஸ்டன்ட் சபைல ஒண்ணு), தாத்தா பாட்டி ரெண்டு பேருமே மிஷன் பள்ளிக்கூடத்துல வாத்தியாருங்க. அந்த பஃப் கைய பாட்டி பாத்துட்டு சினிமாக்காரி மாதிரி இருக்கு, ஐயர் (அவங்க சபை பாதிரியார்) முன்னாடி எப்பிடிடி நிப்பன்னு கேட்டாங்களாம். கல்யாணம் முடிஞ்சி பாண்டி வந்தா ஆயா (அப்பாவோட அம்மா) மருமக நெத்திய பாத்துட்டு ஏன் இப்பிடி மொட்டையா இருக்குன்னு பொட்டு வச்சி விட்டாங்க. அம்மா கண்ணாடி பாக்கற சாக்குல உள்ள போயி அழிச்சிட்டு வந்தாங்க. இது பல வருஷம் ஓடுச்சி.

என் கேள்வி ரெண்டு. உங்க வீட்டு பெட்டிலேருந்து எதெல்லாம் திரும்ப வெளிய வந்திருக்கு? அப்புறம் என்ன மாதிரி ரெண்டு பக்கமும் வளந்தவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா, உங்க வீட்ல எந்தப் பக்கம் ஜெயிச்சிது?

ஓடி_கப்பல்காரன்:
மொத கேள்விக்கு நான் வரேன். எங்க பெரியப்பாவோட பெல்பாட்டம். கடலூர் ஓ.டி.ல (பழைய டவுன்) அத போட்டுக்கிட்டு சைக்கிள் விட்டா செயின்ல மாட்டும்னு கணுக்கால்ல ரப்பர் பேண்ட் போட்டுப்பாராம், அப்ப எதுக்கு அவ்ளோ அகலம்னு எங்க தாத்தா கேட்டதுக்கு பதில் இல்ல. இப்ப எங்க அக்கா பொண்ணு அதே அகலத்துல பேண்ட் போட்டுக்கிட்டு காலேஜ் போறா. பெல்பாட்டம் மொதல்ல கப்பல் மாலுமிங்க போட்டதுதான், டெக்கு கழுவும்போது முட்டி வரைக்கும் சுலபமா சுருட்டிக்கலாம்னு சொல்லுவாங்க. ஹார்பர் ஊர்க்காரன் நாங்க, எங்களுக்கு உரிமை இருக்கு.

நாங்க ஆர்.சி., ரெண்டாவது கேள்விக்கு அனுபவம் இல்ல. ஆனா பக்கத்து வீடு லுத்தரன். கிறிஸ்மஸுக்கு கேரல் ரவுண்ட்ஸ்ல அவங்க பாடுற மாதிரி நம்ம ஆளுங்களால முடியாது, அத ஒத்துக்கணும்.

சண்டேமார்க்கெட்:
தப்பா நினைக்காதீங்க அக்கா, நான் இந்து. ஆர்.சி.யும் இன்னொண்ணும் கல்யாணம் பண்றதுல அப்படி என்ன பிரச்சனை? ரெண்டும் கிறிஸ்டியன் தானே. லுத்தரன்னா சி.எஸ்.ஐ. தானே?

டிரெண்டு பத்தி கேட்டீங்கன்னா, காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய பாகி ஜீன்ஸ் எடுத்து துவைச்சி இன்ஸ்டாகிராம்ல போட்டா பத்து நிமிஷத்துல போயிடுது. 90ஸ்ல எங்க மாமா போட்ட அதே ஸ்டோன் வாஷ். மாமாவே வந்து விலை கேட்டு மயக்கம் போட்டாரு.

ரெண்டுகோவில்பொண்ணு:
@சண்டேமார்க்கெட் தம்பி, வெளிலேந்து பாத்தா ஒண்ணுதான். சி.எஸ்.ஐ.ன்றது தென்னிந்தியத் திருச்சபை, 1947ல ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட் எல்லாம் சேந்து உண்டானது, லுத்தரன் சபைங்க அதுல சேரல. கடலூர் பக்கம் டேனிஷ் மிஷன்ல வந்தவங்க ஆற்காடு லுத்தரன், அதுக்கு தலைமையிடமே கடலூர்தான்.

உள்ள இருந்து பாத்தா எப்படின்னா, கிறிஸ்மஸ எடுத்துக்க. பாண்டில ராத்திரி 12 மணி பூசை. கடலூர்ல விடிகாலை ஆராதனை. நாங்க ரெண்டுக்கும் போவோம். பூசை முடிஞ்சி வந்து ஒரு மணி நேரம் தூங்குனா தூங்குனோம், அப்பா அம்பாசிடர் டாக்சி சொல்லி வச்சிருப்பாரு, இருட்டுல தவளக்குப்பம் தாண்டி கன்னிக்கோவில் தாண்டி கடலூர். ரெண்டு கோவிலுக்கும் ஒரே டிரஸ்ஸுன்னா பாட்டிக்கு கோவம் வந்துடும், அங்க போட்டுட்டு வந்தத இங்க போடுவியான்னு. அதனால எங்களுக்கு எப்பவும் ரெண்டு புது டிரஸ். ஆயா எடுக்கறது ஜிகினா வச்ச ஃப்ரில் ஃப்ராக், குடை மாதிரி விரியும், நேரு வீதில எடுப்பாங்க. பாட்டி எடுக்கறது முட்டிக்கு கீழ வர்ற காட்டன் கவுன், காலர் வச்சது, பட்டன் கழுத்து வரைக்கும். டாக்சிலயே மாத்திப்போம். ஸ்கூல்ல எல்லாரும் எங்கள பாத்து பொறாமப்படுவாங்க, ரெண்டு டிரஸ்ஸாம்னு.

இதுல வேடிக்கை, இப்ப பாட்டி எடுத்த காலர் வச்ச காட்டன் கவுன்தான் கடையில ஆறாயிரம் ஏழாயிரம். வைட் டவுன்ல கண்ணாடி ஷோகேஸ்ல தொங்குது. ஆயா எடுத்த ஜிகினா ஃப்ராக் இன்னும் வரல. வரும்.

கட்டோரி_கட்டிங்:
முப்பது வருஷத்துக்கு மேல தையல் மிஷின்ல உக்காந்திருக்கேன்மா, லாஸ்பேட்டை. டிரெண்டு சண்டைய விடுங்க, அந்த துணி எந்த நிலைமைல இருக்குன்னு மொதல்ல பாருங்க.

வெள்ளப் பட்டு 50 வருஷமா ஒரே மடிப்புல இருந்துச்சின்னா மடிப்பு ஓரத்துல இத்துப் போயிருக்கும். கைல பிடிச்சா நல்லாதான் இருக்கும், கட்டி கொசுவம் வச்சி ரெண்டு தடவ உக்காந்து எந்திரிச்சா சரக்குன்னு போயிடும். வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சி மடிப்பு கோடு பாருங்க. நூல் விலகி வெளிச்சம் தெரிஞ்சா அத முழுசா கட்டாதீங்க, முந்தானைய மட்டும் எடுத்து வேற பட்டுல சேக்கலாம். ஜரிகை கருத்திருந்தா பயப்படாதீங்க, அது வெள்ளி இருக்குன்னு அர்த்தம். அந்துருண்டை நேரா ஜரிகை மேல போட்டு வச்சிருந்தாங்களா?

நெட்டு நைலான்னு சொன்னீங்க, மஞ்சளாயிருக்கும். பளிச்சுன்னு ஆகணும்னு ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஊற வச்சிடாதீங்க, குளோரின் பட்டா நைலான் இன்னும் மஞ்சளாகும், நூலும் செத்துடும். வெதுவெதுன்னு தண்ணி, லேசான சோப்பு, முறுக்கி பிழியாம துண்டுல சுருட்டி ஒத்தி எடுங்க. இஸ்திரி பெட்டி சூடு குறைச்சி வைங்க, இல்லன்னா உருகிடும்.

பஃப் கைக்கு அளவு இப்ப வேற. அந்தக்காலத்துல தோள்ல சுருக்கு நிறைய குடுத்து உள்ள ஆர்கண்டி துணி வச்சி நிக்க வைப்போம், கை குட்டையா இருக்கும். இப்ப கேக்கறது முழங்கைகிட்ட வரைக்கும் கை, மேல மட்டும் பஃப். பழசப் பிரிச்சி நீளமாக்க துணி பத்தாது, புதுசா தச்சிடுங்க. பழசு மாடலுக்கு வச்சிக்கங்க.

ரெண்டுகோவில்பொண்ணு:
@கட்டோரி_கட்டிங் அண்ணே கோடி நன்றி. அந்துருண்டை போட்டுதான் இருந்துச்சி, ஆனா வேட்டித் துணில சுத்தி. வெளிச்சத்துல பாத்துட்டு சொல்றேன்.

உபதேசியார்_பேரன்:
ரெண்டாவது கேள்விக்கு. எங்க வீடு உங்க வீட்டுக்கு தலைகீழ், அம்மா ஆர்.சி., அப்பா சி.எஸ்.ஐ., நெல்லிக்குப்பம்.

எந்தப் பக்கம் ஜெயிச்சிதுன்னு கேட்டீங்க, அது பாதி சட்டத்துலயே முடிவாயிடுது. பழைய முறைல ஆர்.சி. அல்லாதவங்களும் பிள்ளைங்கள கத்தோலிக்கமா வளப்போம்னு கையெழுத்து போடணும். 1970ல ஆறாம் பவுல் போப்பாண்டவர் அத மாத்தினாரு. இப்ப வாக்கு குடுக்க வேண்டியது கத்தோலிக்க ஆள் மட்டும், என்னால முடிஞ்சத செய்வேன்னு. இன்னொரு ஆளுக்கு இந்த விஷயத்த தெரியப்படுத்தினா போதும். ஆயரோட (பிஷப்) அனுமதி வேணும். 1983 திருச்சபை சட்டத்துலயும் அதே தான், 1124, 1125. உங்க அப்பா அம்மா 1974ன்னா உங்க லுத்தரன் அம்மா அப்படி கையெழுத்து போட்டிருக்க வேண்டியதில்ல.

அந்த "முடிஞ்சத செய்வேன்"ன்றதுலதான் எல்லா வீட்டு சண்டையும் இருக்கு. எங்கம்மா முடிஞ்சத செஞ்சாங்க, எனக்கு புதுநன்மை (மொத தடவ நற்கருணை வாங்கறது) குடுக்க வச்சாங்க. அப்பாவும் அவருக்கு முடிஞ்சத செஞ்சாரு, ஞாயிறு பள்ளிக்கு அனுப்பி வசனம் மனப்பாடம் பண்ண வச்சாரு. எனக்கு ஜெபமாலையும் தெரியும், பாமாலையும் தெரியும். பெரிய வெள்ளிக்கு மத்தியானம் 12லேந்து 3 வரைக்கும் அப்பாவோட ஏழு வார்த்தை ஆராதனை (சிலுவைல இயேசு பேசின ஏழு வார்த்தை), அது முடிஞ்ச கையோட அம்மாவோட சிலுவை முத்தி. வயித்துக்கு ஆர்.சி. கோவில் கஞ்சி. அன்னிக்கு மட்டும் நான் ரொம்ப பக்திமான்.

ரெண்டுகோவில்பொண்ணு:
@உபதேசியார்_பேரன் ஹாஹா ஏழு வார்த்தைல ஐஞ்சாவது வார்த்தை "தாகமாயிருக்கிறேன்" வரும்போது எனக்கு உண்மையாவே தாகமா இருக்கும்.

எங்கப்பாவும் முடிஞ்சத செஞ்சாரு, எங்களுக்கு ஞானஸ்நானம் சம்பா கோவில்ல. ஆனா டிரஸ் விஷயத்துல சட்டம் ஒண்ணும் சொல்லலயே, அங்கதான் எல்லாம் நடந்துச்சி. புதுநன்மைக்கு எனக்கு வெள்ள ஃப்ராக், தலைல கிரீடம், கைல கிளவுஸ், மெழுகுவத்தி, ஃபோட்டோ ஸ்டூடியோ எல்லாம். கடலூர்ல என் சித்தி பொண்ணு என் வயசுதான், அவளுக்கு நற்கருணை வாங்க திடப்படுத்தல் சடங்கு வரைக்கும் காத்திருக்கணும், அதுவும் சும்மா வெள்ள புடவை. அந்த ஃபோட்டோவ பாத்து பாட்டி, பிள்ளைக்கு எதுக்கு கல்யாண வேஷம்னு கேட்டாங்க. சித்தி பொண்ணு ரெண்டு நாள் என்கூட பேசல. இப்ப அவ பேத்திக்கு பர்த்டேக்கு அதே மாதிரி வெள்ள நெட் ஃப்ராக் கிளவுஸோட எடுத்திருக்கா, கேட்டா பிரின்சஸ் தீமாம்.

இன்னொண்ணு செயின். அப்பா பக்கம் போட்டது மாதா பதக்கம். கடலூர் போனா அம்மா அத எங்க ஜாக்கெட்டுக்குள்ள தள்ளி விட்டுடுவாங்க, பாண்டி பஸ் ஏறுனதும் வெளிய எடுத்து விடுவாங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, கையே பழகிடுச்சி.

விசுவாசி_கடலூர்:
சகோதரி, ஸ்தோத்திரம். பொட்டும் நகையும் பஃப் கையும் பத்தி பேசறதுக்கு நேரம் இருக்கு, மனுஷன் முகத்தைப் பார்ப்பான் கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார். நாங்க நகையே போடறதில்ல, வெள்ளை சேலை மட்டும்தான். எந்த டிரெண்டும் எங்களுக்கு பிரச்சனை இல்ல.

ஓடி_கப்பல்காரன்:
@விசுவாசி_கடலூர் அண்ணே வெள்ள சேலைல எத்தன டிசைன் வருதுன்னு உங்க சபை வாசல்ல ஞாயித்துக்கிழமை நின்னு பாத்தா தெரியும். லேஸு, கட் ஒர்க், எம்பிராய்டரி, சாட்டின் பார்டர். நகை இல்லாத குறைய ஹேண்ட்பேக்ல தீத்துக்கறாங்க. எங்க அத்தை அங்கதான் வராங்க, அவங்களே சொன்னது.

விசுவாசி_கடலூர்:
அதுவும் தவறுதான்.

மட்டுறுத்துனர்:
தலைப்புக்குள்ள பேசுங்க. சபை மேல சபை கல்லெறியறது வேணாம்.

பழைய_டைரி:
கோவிலும் டிரஸ் சண்டையும் பாண்டிக்கு புதுசு இல்லங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்து பாண்டில இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல 1745ல ஒரு சம்பவம் எழுதியிருக்காரு. சம்பா கோவில்ல, இப்ப இருக்கற கட்டடம் இல்ல, அதுக்கு முந்தினது, உள்ள தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவங்கள தனியா பிரிக்க ஒரு சுவர் இருந்துச்சி. அது வேணாம்னு அவங்க போராடி அத இடிச்சாச்சு. அதுக்கப்புறம் ஒரு பணக்கார வீட்டு பொண்ணு மெல்லிசு மஸ்லின் கட்டிக்கிட்டு நகையும் வாசனையுமா பூசைக்கு வந்து முழங்கால் போட்டிருக்கு. சாமியார் பிரம்பால கொண்டைல குத்தி, நீ குடும்பப் பொண்ணா, இப்பிடி உடம்பு தெரிய வரலாமான்னு திட்டினாராம். இனிமே இப்பிடி வரக்கூடாதுன்னு உத்தரவு வேற.

அந்த மஸ்லின் இன்னிக்கு எக்ஸிபிஷன்ல வச்சா தொட்டுக்கூட பாக்க முடியாது, அவ்ளோ விலை.

கேக்கணும்னு_தோணுச்சி:
நல்லவேளை இவர் சுவர பத்தி எழுதினாரு. ரெண்டுகோவில் அக்கா, மனசுல வச்சிக்காதீங்க, ஆனா ஆர்.சி. லுத்தரன் கலப்புன்னு நாம ரொம்ப பெருமையா பேசறோமே, உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே ஜாதி தானே? எங்க ஊர்ல நான் பாத்த இந்த மாதிரி கல்யாணம் எல்லாமே அப்படித்தான். சபை மாறலாம், அது மாறாது. பொட்டுக்கு சண்ட போட்டவங்க அதுக்கு சண்ட போட வேண்டிய நிலைமையே வரல.

ரெண்டுகோவில்பொண்ணு:
@கேக்கணும்னு_தோணுச்சி ஆமாங்க, ஒரே ஜாதிதான். தரகர் மூலமா வந்த கல்யாணம், லவ் கூட இல்ல. சபை வேறன்றதுக்கு ஆறு மாசம் பேசினாங்க, மத்ததெல்லாம் மொத நாளே பேசி முடிச்சிட்டாங்க. எங்க வீட்டு சின்ன கலப்புக்கே இவ்ளோ ரகளன்னா அந்த சுவர தாண்டினவங்க வீட்ல என்ன நடந்திருக்கும்னு யோசிக்கிறேன். என் பொண்ணு பாத்திருக்கற பையன் அந்தக் கணக்குலயும் வேற. சி.எஸ்.ஐ. பையன், கடலூர் என்.டி. (புது டவுன்). இந்த தடவ வீட்ல சபைய பத்தி யாரும் வாயே தொறக்கல, வேற விஷயம்தான் ஓடுச்சி, அது இங்க எழுதற மாதிரி இல்ல. ஆனா அப்பா கடைசில வந்து, ஆயர் அனுமதிக்கு நானே அப்ளிகேஷன் வாங்கிட்டு வரேன்னாரு.

கேக்கணும்னு_தோணுச்சி:
அப்ப அந்தப் பொண்ணு எந்த ஜாக்கெட் வேணா போடட்டும்க்கா.

தறிக்காரவீடு:
குறிஞ்சிப்பாடி. நாங்க கைலி நெய்யற குடும்பம். ஃபேஷன் திரும்ப வர்றதுன்னா எங்க கட்டம் போட்ட துணிய விட்டுட்டு பேச முடியாது. 1958ல அமெரிக்காவுல ஒரு பெரிய கடை மெட்ராஸ் செக் துணில சட்டையும் கோட்டும் தச்சி வித்திச்சி. சாயம் போவும், பச்சத் தண்ணில தனியா துவைக்கணும்னு வாங்கினவங்களுக்கு சொல்லாம விட்டுட்டாங்க. மெஷின்ல போட்டதும் எல்லா கலரும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சி. புகார் வந்ததும் பயப்படாம, சாயம் போறதுதான் இதோட சிறப்பே, துவைக்க துவைக்க புது கலர் வரும்னு விளம்பரத்த மாத்திட்டாங்க, துணி பிச்சிக்கிட்டு போச்சு. எங்க தாத்தா நெஞ்ச துணில சாயம் போனா யாவாரி துணிய மூஞ்சில விட்டெறிவான்.

இப்பவும் சம்மர் ஆனா அந்த கட்டம் எங்கயாச்சும் வெளிநாட்டு கடையில வந்துடும். எங்களுக்கு அது போனதே இல்ல, வரதுக்கு.

பழைய_டைரி:
ஃபேஷன் திரும்ப வர்றதுக்கு ஒரு கணக்கே இருக்கு. லண்டன்ல ஜேம்ஸ் லேவர்னு உடை வரலாறு ஆராய்ச்சி பண்ணவரு, 1937ல எழுதினது. ஒரு டிரஸ் அது காலத்துக்கு பத்து வருஷம் முன்னாடி வந்தா அசிங்கம், அந்தந்த காலத்துல ஸ்மார்ட், பத்து வருஷம் கழிச்சி சகிக்க முடியாது, 20 வருஷத்துல கேலிக்கூத்து, 30ல வேடிக்கை, 50ல விசித்திர அழகு, 70ல வசீகரம், 100ல காதல் வரும், 150ல பேரழகு. உங்க அம்மா ஜாக்கெட் 50ல நிக்குது, சரியான நேரத்துலதான் பெட்டி திறந்திருக்கா.

சண்டேமார்க்கெட்:
அந்த கணக்கு இப்ப ஓடாது சார். 90ஸ் பாம்பு ஸ்டிக்கர் பொட்டு வந்துடுச்சி, 2000 லோ வெய்ஸ்ட் ஜீன்ஸ் வந்துடுச்சி, அதுக்குள்ள அது போயி அடுத்தது வருது. ரீல்ஸ்ல ஒரு மாசம் ஓடுனா பெரிசு. எங்கிட்ட ஸ்டாக் எடுத்து வைக்கறதுக்குள்ள டிரெண்டு முடிஞ்சிடுது.

அக்கா ஒரு டவுட். சில பசங்க ஜெபமாலைய செயின் மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டு வந்து மேட்சிங் சட்டை கேக்கறாங்க. அது தப்பா?

உபதேசியார்_பேரன்:
எங்க அம்மாச்சி இருந்திருந்தா கழட்டி கைல குடுத்து ஒரு பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லுடான்னு உக்கார வச்சிருப்பாங்க. எங்கப்பா பக்கமோ அத பாத்தாலே மூஞ்சிய திருப்பிப்பாங்க, சிலுவைல சுரூபம் இல்லாம வெறுஞ்சிலுவையா இருந்தாதான் அவங்களுக்கு சரி. வெளிநாட்டுல இன்னொரு கூத்து கேள்விப்பட்டேன், கத்தோலிக்க சின்னப் பொண்ணுங்க பூசைக்கு லேஸ் முக்காடு போடறது மறுபடி வந்திருக்கு. பழைய 1917 சட்டத்துல தலைய மூடணும்னு இருந்துச்சி, 1983ல அத எடுத்துட்டாங்க. கட்டாயமா இருந்தவரைக்கும் முணுமுணுத்தவங்களோட பேத்திங்க இப்ப காசு குடுத்து வாங்குறாங்க.

ரெண்டுகோவில்பொண்ணு:
எனக்கு எரிச்சல் வர்றதே அதுலதான்னு நினைக்கறேன். எங்கம்மா அந்த நெட்ட ஆசப்பட்டு போடல, பாண்டி பக்கம் கௌரவம் பாப்பாங்கன்னு போட்டாங்க. பஃப் கை மட்டும்தான் அவங்களா கேட்டு தச்சது, சம்பளத்துல மிச்சம் பிடிச்சி, பாட்டிக்கு தெரியாம. என் பொண்ணுக்கு ரெண்டும் ஒரே பெட்டி, ஒரே வாசனை, ஒரே வின்டேஜ். பொட்டும் அப்படித்தான், ஆயாவுக்கு பயந்து வச்சி பாட்டிக்கு பயந்து அழிச்ச பொட்ட இவ லிப்ஸ்டிக்கோட கணக்குல சேத்துட்டா. சொன்னா, சரிம்மா ஆனா அழகா இருக்குல்லன்றா. இருக்குதான்.

அம்மாகிட்ட நேத்து கேட்டேன், உனக்கு ஒண்ணும் இல்லயாம்மான்னு. 78 வயசு. எனக்கென்னடி, நெட்ட அவளயே வச்சிக்க சொல்லு, அந்த ஜாக்கெட்ட மட்டும் பிரிக்காம திருப்பி குடுக்கச் சொல்லுன்னாங்க.

@கட்டோரி_கட்டிங் அண்ணே, பட்ட ஜன்னல்ல பிடிச்சி பாத்தாச்சு. உடம்புல நடு மடிப்பு ரெண்டும் போயிடுச்சி, முந்தானை நல்லா இருக்கு. ஜாக்கெட் அக்குள்ல கறை, மத்தபடி கெட்டி.

கட்டோரி_கட்டிங்:
அப்ப முந்தானைய வெட்டாதீங்க, புதுப் பட்டு மேல வச்சி கையால தச்சி குடுக்கறேன், பின்னாடி எப்ப வேணா பிரிச்சிக்கலாம். ஜாக்கெட்ட அப்படியே கொண்டாங்க, பிரிக்காமலே பேப்பர்ல வெட்டு எடுத்துக்கலாம். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, தோள் அளவு அம்மாம்மாவுது வராது. டிசம்பர் வந்துட்டா கிறிஸ்மஸ் துணி குவிஞ்சிடும், நவம்பருக்குள்ள வாங்க.

ஓடி_கப்பல்காரன்:
அண்ணே பெல்பாட்டம் ஆல்டர் பண்ணுவீங்களா? பெரியப்பா இடுப்பு 28, எனக்கு 38.

கட்டோரி_கட்டிங்:
அது ஆல்டர் இல்ல தம்பி. புதுசா துணி எடுத்துட்டு வா.